சாந்திக்கு, வெந்நீர் விஷயமா

அன்பு சாந்திக்கு,

எப்படி இருக்க? அண்ணனுக்கு இருமல் தேவலையா? நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை ரெண்டு தடவை போட்டுக் கேட்டேன், நடுவுல அண்ணன் இருமற சத்தம் கேட்டதும் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு, அதான் போன்ல அவசரமா சொல்லி வைக்காம உக்காந்து எழுதறேன். அந்த விறகு பாய்லரை எடுத்துட்டு வேற என்ன வைக்கலாம்னு கேட்டிருந்த. கடைக்காரர் 300 லிட்டர் சோலார் போடச் சொல்றாரு, உன் பையன் ஹீட் பம்ப் வாங்கித் தரேங்கறான், பக்கத்து வீட்டம்மா கேஸ் கீசரே போதும்ங்கறாங்க, யார் சொல்றதக் கேக்கறதுன்னு தெரியலன்னு சொன்ன.

முதல்ல இங்க உள்ள சேதி. நம்ம பிரியாவுக்கு ஏழு மாசம் ஆயிடுச்சு. தை கடைசியில வளைகாப்பு வச்சு இங்க கூட்டிட்டு வந்துடுவோம், பிரசவம் இங்கதான். வளைகாப்புக்கு நீ ரெண்டு நாள் முன்னாடியே வந்துடணும், இப்பவே சொல்லிட்டேன். மாமாவுக்கு 84 முடிஞ்சுது, நடமாட்டம் எல்லாம் இருக்கு, ஆனா பச்சத்தண்ணி கையில பட்டாலே விரல் மடங்கிக்குது. கைக்குழந்தையும் வரப்போகுது, பெரியவரும் இருக்காரு, பகல் ராத்திரி எந்நேரமும் வெந்நீர் வேணும், அதனாலதான் இந்த வருசம் பழைய கீசர், பழைய சோலார் ரெண்டையும் முழுசா மாத்திட்டோம். அதுல நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது உனக்கு உதவும்னு தோணுது.

கரண்ட் பில்லுலதான் ஆரம்பிச்சுது. ரெண்டு மாசத்துக்கு 540 யூனிட் வந்துடுச்சு. நம்ம ஈபி கணக்குல 500 தாண்டினா மேல இருக்கற 40 யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறும்னு நினைச்சிட்டு இருந்தேன், அப்படி இல்ல, 500-க்குள்ள இருந்தா கீழ உள்ள யூனிட்டுக்குக் கிடைக்கற குறைஞ்ச ரேட்டும் போய், அதுக்கும் ரேட் ஏறிடுது. எது இழுக்குதுன்னு பாக்கலாம்னு ஒரு நாள் நாங்க எல்லாரும் ஊருக்குப் போறப்ப பிரிட்ஜைக் காலி பண்ணி ஆஃப் பண்ணிட்டு, மாமா பாத்ரூம்ல இருக்கற 25 லிட்டர் கீசரை மட்டும் ஆன்ல விட்டுட்டு மீட்டரை எழுதி வச்சுட்டுப் போனேன். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து பாத்தா ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவா ஓடியிருக்கு. யாரும் குளிக்கல, ஒரு சொட்டு திறக்கல. சூடான தண்ணி சும்மா நின்னு ஆறும், திரும்ப காயில் ஆன் ஆகும், திரும்ப ஆறும். மாமா காலைல போட்ட சுவிட்சை அணைக்கறதே இல்ல, அப்படின்னா ரெண்டு மாசத்துக்கு அம்பது யூனிட்டுக்கு மேல காத்துல போயிருக்கு பாரு. கீசர்ல ஒட்டியிருக்கற ஸ்டார் இதுக்குத்தாண்டி, தண்ணி எவ்வளவு வேகமா சூடாகும்ங்கறதுக்கு இல்ல, 24 மணி நேரம் சும்மா நின்னா எவ்வளவு சூடு வெளிய போகுதுங்கறதை வச்சுத்தான் அந்த ஸ்டாரே குடுக்கறாங்க.

அடுத்து சோலார். பன்னெண்டு வருசம் முன்னாடி 200 லிட்டர், 20 கண்ணாடி ட்யூப் வச்சது போட்டோம், ஞாபகம் இருக்கா, நீ கூட கிரகப்பிரவேசத்துக்கு வந்தப்ப மொட்டைமாடில பாத்துட்டு இது என்னடி புல்லாங்குழல் அடுக்கி வச்ச மாதிரி இருக்குன்ன. இங்க சிறுவாணித் தண்ணி குடிக்கறதுக்கும் சமையலுக்கும்தான் சரியா வரும், மேல் டேங்குக்கு ஏத்தறது போர் தண்ணி. அந்த உப்புத் தண்ணியைச் சூடு பண்ணப் பண்ண உப்பு பிரிஞ்சு அடியில தங்கிடுது. டேங்க் ஓரத்துல ஒழுக ஆரம்பிச்சதும் ஆளைக் கூப்பிட்டுக் கழட்டச் சொன்னேன். விடியக்காலைல வெயில் வர்றதுக்கு முன்னாடி வந்தாரு, ஏன் இவ்வளவு சீக்கிரம்னு கேட்டேன், காலி ட்யூப் வெயில்ல காஞ்சுட்டு இருக்கறப்ப பச்சத்தண்ணி விட்டா பட்டுனு உடைஞ்சிடும்மா, சுத்தம் பண்றதுன்னாலும் மாட்டறதுன்னாலும் வெயிலுக்கு முன்னாடி முடிச்சிடணும்னாரு. முதல் ட்யூபை உருவிக் கவுத்தாரு, அப்பப்பா, முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்ட மாதிரி வெள்ளை வெள்ளையா சில்லு சில்லா கொட்டுது, ஒரு ட்யூப்ல ரெண்டு கைப்பிடி தேறும். ட்யூப்ல அடிப்பக்கம் கால்வாசி வெறும் உப்புதான், அப்புறம் எங்க சூடாகும். எங்களுக்கு மாட்டிக் குடுத்த கம்பெனிக்காரங்க வருசத்துக்கு ஒரு தடவை கழுவணும்னும், டேங்க்குக்குள்ள ஒரு மெக்னீசியம் ராடு இருக்கும், டேங்க்கைத் துரு அரிக்காம அது தன்னைக் குடுத்துக் கரையும், கரைஞ்சா மாத்தணும்னும் ஒரு வார்த்தை சொல்லல. அது எனக்கு இன்னும் ஆறாத கோவம். சொல்லியிருந்தா இன்னும் அஞ்சாறு வருசம் ஓடியிருக்கும்.

ஆனா சாந்தி, நான் முக்கியமா சொல்ல வந்தது கீசரும் இல்ல, சோலாரும் இல்ல, குழாய். பழைய டேங்க் மாடில வடக்கு மூலைல, மாமா பாத்ரூம் கீழ தெக்குப் பக்கம். நடுவுல அம்பது அடி ஒரு இன்ச் பைப், மேல ஒரு துணி கூடச் சுத்தல. காலைல பைப்பைத் திறந்தா முதல்ல வர்றது ராத்திரி முழுக்க குழாய்ல நின்னு ஆறின தண்ணி. ஒரு நாள் பக்கெட் வச்சுப் புடிச்சு அளந்தேன், சூடு வர்றதுக்குள்ள ஒம்பது லிட்டர். அதோட முடியல, நான் குளிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு மாமா குளிப்பாரு, அதுக்குள்ள குழாய்ல நின்ன வெந்நீர் ஆறியிருக்கும், திரும்ப ஒம்பது லிட்டர். சூரியன் ஒரு நாள் முழுக்க காச்சிக் குடுத்ததை நாங்க குழாய்லயே ஆறப் போட்டு சாக்கடைல விட்டிருக்கோம், போர் 700 அடிக்கு இறங்கிட்டு இருக்கற ஊர்ல. பன்னெண்டு வருசம் இதைக் கவனிக்காம இருந்ததுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

அதனால புதுசு போடறப்ப டேங்க்கை பாத்ரூமுக்கு நேர் மேல கொண்டு வந்துட்டோம். இப்ப 18 அடிதான், முக்கால் இன்ச் பைப், அதுமேல கருப்பு ஸ்பாஞ்ச் மாதிரி ஒரு உறை வருதுல்ல அதைப் போட்டு, வெயில்ல அது பொடிஞ்சு போயிடும்னு சில்வர் டேப்பும் சுத்தினோம். இப்ப ரெண்டு மக் தண்ணி வர்றதுக்குள்ள சூடு வந்துடுது. 200-க்குப் பதிலா 150 லிட்டர்தான் போட்டோம், போதும் போதும்ங்குது. மழைநாளுக்கு மாமா பாத்ரூம்ல 15 லிட்டர் அஞ்சு ஸ்டார் கீசர் ஒண்ணு, சோலார் லைனே அதுக்குள்ள போற மாதிரி. மேகமா இருந்தா தண்ணி வெதுவெதுன்னு வரும், மிச்சத்தை மட்டும் கீசர் ஏத்திக்கும். போன பில் 410 யூனிட்தான்.

இப்ப உன் வீட்டுக்கு வரேன். எனக்குச் சரியா வந்தது அப்படியே உனக்கும் வரும்னு சொல்ல மாட்டேன். இங்க டேங்க் தண்ணி 25 டிகிரில இருக்கும், 100 லிட்டரை 60-க்கு ஏத்தணும்னா நாலு யூனிட். மலை மேல உனக்கு மார்கழில தண்ணியே 15 டிகிரிதான், அதே 100 லிட்டருக்கு அஞ்சு யூனிட்டுக்கு மேல வேணும். ஆனா நீங்க ரெண்டு பேருதான். குளிக்க, பாத்திரம் கழுவ எல்லாம் சேத்து 100 லிட்டருக்கு மேல எதுக்கு? அந்த 300 லிட்டரை தயவுசெஞ்சு வாங்காத, செலவாகாத வெந்நீர் ராத்திரிக் குளிர்ல நின்னு ஆறறதுக்கா அவ்வளவு பணம்.

சோலார்னா ட்யூப் வச்சதே வாங்கு. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல காத்தே இல்லாம வச்சிருக்கறதால வெளிக்குளிர் உள்ள இருக்கற தண்ணியைத் தொடாது, உங்க ஊருக்கு அதுதான் சரி. தட்டையா பலகை மாதிரி வர்றது இங்க நல்லா இருக்கும், அங்க உறைபனி விழற நாள்ல உள்ள இருக்கற செம்புக் குழாய்ல தண்ணி உறைஞ்சா வெடிச்சிடும். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணு. உங்க வீட்டுக்குத் தெக்குப் பக்கம் தேயிலைக்கு நடுவுல சில்வர் ஓக் வரிசையா நிக்குதுல்ல, வெயில் அடிக்கற ஒரு நாள் பாத்து காலைல ஒம்பதுல இருந்து மூணு மணி வரைக்கும் மணிக்கொரு தடவை கூரையைப் போய்ப் பாரு. மார்கழில சூரியன் தெக்கால சாஞ்சு போகும், நிழல் நீளமா விழும். கூரை மேல ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிழல் நின்னா சோலாரை மறந்துடு. அப்புறம் கூரை தாங்குமான்னு பாக்கணும், தண்ணியோட சேத்து 150 கிலோவாவது வரும், உங்க தகரக் கூரை தாங்காது, சமையல்கட்டு மேல இருக்கற காங்கிரீட் தளம்தான் தோது. பச்சத்தண்ணி டேங்க் சோலார் டேங்க்கை விட உசரத்துல இருக்கணும், அதையும் ஆளுகிட்ட கேட்டுக்க.

ஐப்பசி கார்த்திகைல உங்க பக்கம் மழையும் மூட்டமும் நாள்கணக்கா நிக்கும், அப்ப சோலாரை நம்ப முடியாது, கூட ஒரு சின்ன கீசர் இருந்தே ஆகணும்.

நிழல் விழுதுன்னா உன் பையன் சொல்ற ஹீட் பம்ப் நல்ல யோசனைதான். பிரிட்ஜ் உள்ள இருக்கற சூட்டை எடுத்துப் பின்னாடி விடுதுல்ல, இது வெளிக் காத்துல இருக்கற சூட்டை எடுத்துத் தண்ணிக்குள்ள விடுது. கரண்ட் சூடு உண்டாக்கறதுக்கு இல்ல, சூட்டை இடம் மாத்தறதுக்குத்தான், அதனால ஒரு யூனிட்டுக்கு மூணு யூனிட் அளவு சூடு கிடைக்கும். காத்து குளிர்ந்தா அது குறையும், அதனால உங்க ஊர்ல விடிகாலைல ஓட விடாத, டைமர் வச்சு பகல் பதினொண்ணுல இருந்து மூணுக்குள்ள ஓட்டு, நல்ல டேங்க்னா ராத்திரி வரைக்கும் சூடு நிக்கும். அடைச்ச ரூம்ல வைக்கக் கூடாது, காத்து வரப்போக இருக்கணும், தண்ணி சொட்டும் அதுக்கும் வழி வேணும், கொஞ்சம் சத்தமும் வரும், படுக்கற ரூம் சுவத்துல வைக்காத. விலை கீசரை விடப் பல மடங்கு. ரெண்டு பேருக்கு அது அதிகம்னுதான் என் மனசுல படுது, நிழல் இல்லைன்னா 100 லிட்டர் சோலாரும் சின்ன கீசருமே போதும்.

கேஸ் கீசர் மட்டும் வேணவே வேணாம் சாந்தி. குளிருக்குப் பயந்து நீங்க ஜன்னலைச் சாத்தித்தான் குளிப்பீங்க, உள்ள எரியற கேஸ்ல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, தலை சுத்துதேன்னு நினைக்கறதுக்குள்ள ஆளைச் சாச்சிடும். பாத்ரூமுக்கு வெளிய, திறந்த இடத்துல மாட்டறதுன்னா வேற விஷயம், உள்ள கூடவே கூடாது.

எது போட்டாலும் முதல்ல எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாக்கச் சொல்லு. உங்க வீடு பழசு, 2000 வாட் கீசர் ஒம்பது ஆம்பியர் இழுக்கும், அதுக்குத் தனி வயர், 16 ஆம்பியர் பிளக், கரண்ட் கசிஞ்சா உடனே லைனைத் துண்டிக்கற ஆர்சிசிபி சுவிட்ச் எல்லாம் வேணும். ஈரக்கையோட தொடற இடம், இதுல நூறு இருநூறு மிச்சம் பிடிக்காத.

பாய்லரை வித்துடாத, அந்தச் செம்பைப் பாக்கறப்ப எல்லாம் எனக்கு நம்ம ஹாஸ்டல் அண்டாதான் ஞாபகம் வரும். அஞ்சு மணிக்கு எந்திரிச்சு பக்கெட்டைத் தூக்கிட்டு வரிசைல நிப்போம், புகை கண்ணக் கரிக்கும், ஒரு பக்கெட்டை நாம ரெண்டு பேரும் பாதி பாதி பிரிச்சுக்குவோம், எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் பூரா உன் பங்கையும் எனக்கே ஊத்திட்டு நீ பச்சத்தண்ணில குளிச்ச. அதை நான் மறக்கல. கொல்லைல வச்சிரு, ஆனா அண்ணன் அது பக்கத்துல உக்காந்து ஊதறது இத்தோட போதும்.

தெக்குப் பக்கம் தெரியற மாதிரி கூரையை நாலு போட்டோ எடுத்து அனுப்பு, டேங்க் வைக்கற இடத்துல இருந்து பாத்ரூம் குழாய் வரைக்கும் எத்தனை அடின்னு டேப் வச்சு அளந்து சொல்லு. எங்களுக்கு மாட்டின பிளம்பர் தங்கமான மனுசன், வளைகாப்புக்கு நீ வர்றப்ப அவரை வீட்டுக்கு வரச் சொல்றேன், நேர்லயே பேசிக்கலாம். வர்றப்ப பிரியாவுக்கு உங்க தோட்டத்துப் பிளம்ஸ் இருந்தா கொண்டா, சீசன் இல்லைன்னா போன தடவை போட்ட ஜாம் ஒரு பாட்டில் போதும், அவ அதைத்தான் கேட்டுட்டே இருக்கா.

அன்புடன்,
கலா
வடவள்ளி