பொருள்: எபாக்சி பழுதுபார்ப்பு கிட்டில் பொருந்தாத மேட், ஜெல்கோட், தவறான கையேடு – புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

பழைய ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகுகளின் மேல்தளத்தைச் சீர்செய்ய என்று நீங்கள் விற்கும் எபாக்சி கிட்டை வாங்கினேன். உள்ளே 2 லிட்டர் எபாக்சி ரெசின் (பிசின்), அதோடு கலந்து இறுகச் செய்யும் 1 லிட்டர் ஹார்டனர், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (துண்டுக் கண்ணாடி இழைகளைப் பசையால் சேர்த்த விரிப்பு) 5 சதுர மீட்டர், 1 கிலோ ஜெல்கோட் (பளபளப்பான மேற்பூச்சு), ஒரு கையேடு. ரெசினில் குறையில்லை. ஆனால் மேட், ஜெல்கோட், கையேடு மூன்றுமே பாலியஸ்டர் என்ற வேறு வகை ரெசின் வேலைக்கு உரியவை. அவற்றை எபாக்சியோடு ஒரே பெட்டியில் போட்டு விற்பதுதான் என் புகார்.

மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை, ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரையும் வகை. பாலியஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் உண்டு, எபாக்சியில் கிடையாது. பசை கரையாததால் உருளையால் எவ்வளவு அழுத்தினாலும் மேட் அட்டை போல விறைத்து நிற்கிறது. வளைவுகளில் படியாமல் எழும்புகிறது, அடியில் காற்று வெள்ளையாகத் தங்குகிறது. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் தகடுகள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில்தான் பெரும்பாலும் தண்ணீர் புகுந்து, தளத்தின் உள்ளிருக்கும் பால்சா என்ற லேசான மரக்கட்டை அழுகும். அந்தச் சுமை தாங்கும் இடத்தில் இப்படிப்பட்ட ஒட்டு ஆபத்தானது.

அளவும் பொருந்தவில்லை. 5 சதுர மீட்டர் மேட்டின் எடை 2.25 கிலோ. மேட் தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ரெசின் குடிக்கும். அதாவது 4.5 கிலோ தேவை. கிட்டில் ஹார்டனரையும் சேர்த்தே சுமார் 3.3 கிலோதான் இருக்கிறது. நெய்த துணியாக இருந்தால் அதே எடைக்குச் சம எடை ரெசின் போதும், மிச்சத்தில் திருகுத் துளைகளையும் அடைத்துவிடலாம்.

கையேட்டில் உள்ள ஒரு வரி மிகவும் தவறு: "குளிரில் ஹார்டனரைச் சற்றுக் கூட்டிக்கொள்ளவும்." பாலியஸ்டருக்கு வினையூக்கியை 1 முதல் 2 சதவீதத்துக்குள் கூட்டிக் குறைக்கலாம். எபாக்சியில் ஹார்டனர் ரெசினோடு சேர்ந்து வினைபுரியும் ஒரு பாகம். கூடினால் மிஞ்சியது அப்படியே தங்கி, ஒட்டு மென்மையாகவே இருந்துவிடும். குளிருக்கு வேகமான ஹார்டனர் வேண்டும், அல்லது இடத்தைச் சூடாக்க வேண்டும். லேபிளில் 2:1 என்று மட்டும் இருக்கிறது. கன அளவா எடையா என்று இல்லை. கன அளவில் 2:1 என்பது எடையில் ஏறக்குறைய 100:42. தராசில் 100:50 போட்டால் ஹார்டனர் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். சிறு செலவில் வேலை செய்பவர்கள் தராசில்தான் கலப்பார்கள்.

ஜெல்கோட்டும் எபாக்சியின் மேல் ஒழுங்காக இறுகவில்லை, பிசுபிசுத்தே கிடக்கிறது. எபாக்சி இறுகும்போது மேலே படியும் அமீன் படலத்தை முதலில் வெறும் தண்ணீராலும் தேய்ப்பு நாராலும் கழுவி, பிறகுதான் உப்புத்தாள் போட வேண்டும். கையேட்டில் கழுவும் படியே இல்லை. கழுவினாலும் அங்கே பாலியஸ்டர் ஜெல்கோட்டை விட இரு பாகப் பாலியூரித்தேன் பெயின்ட்டுதான் நம்பத்தக்கது. வெயிலிலிருந்து எபாக்சியைக் காக்க ஏதாவது ஒரு பூச்சு கட்டாயம் வேண்டும் என்பதால் இதைச் சும்மா விட்டுவிடவும் முடியாது.

தவறான ஒட்டை கிரைண்டரால் முழுக்கச் சுரண்டி எடுத்து, 3 மி.மீ. தடிமனுக்கு 36 மி.மீ. அகலத்தில் புது ஒட்டு பிடிக்க விளிம்பை மறுபடி சரிவாகத் தேய்த்து, புது பால்சா வைக்க வேண்டியிருக்கிறது. சிக்கனமாகப் பழைய படகைத் தேற்றுபவருக்கு இந்த இரட்டைச் செலவு கிட்டின் விலையையே தாண்டும். அதனால் கேட்பவை:

மேட்டுக்குப் பதில் அதே பரப்புக்கு, பின்புறம் மேட் தைக்காத, இழைகள் இரு திசையில் குறுக்காக ஓடும் கண்ணாடி இழைத் துணி. ஜெல்கோட்டுக்குப் பதில் இரு பாகப் பாலியூரித்தேன் பெயின்ட். வீணான ரெசினுக்கும் ஹார்டனருக்கும் ஈடாக முழு அளவு. கன அளவு, எடை இரண்டு விகிதங்களும் அச்சிட்ட புது லேபிள். இந்த கிட்டை வாங்கிய மற்றவர்களுக்கும், தகடுகளைச் சுற்றி இதைப் பயன்படுத்தியிருந்தால் பாய் ஏற்றும் முன் சோதிக்கும்படி உடனே எழுத்தில் எச்சரிக்கை. இந்தக் கடைசிக் கோரிக்கையை மற்றவற்றுக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், லேபிள் மற்றும் கையேட்டின் படங்கள், காற்று தங்கிய ஒட்டின் வெட்டுத் துண்டு.