விரல் ஷார்ப்பாக இல்லை என்று தள்ளிய நடுவர்களுக்கு

மதிப்பிற்குரிய நடுவர் குழுவினருக்கும் புகைப்படப் போட்டி அமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். முடிவுகளை அறிவித்துவிட்டீர்கள், சான்றிதழ்களும் கூரியரில் வந்து சேர்ந்தன. பரிசு பெற்றவர்களுக்கு வாழ்த்துகள். முதல் சுற்றிலேயே வெளியேறிய ஒரு படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்தப் படம் என்று உங்களுக்கே தெரியும். குறிப்பு எழுதி அனுப்பியவர்கள் நீங்கள்தானே.

ரேஷன் கடைப் படம். என் ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் தம்பி எடுத்தது. கைரேகை மெஷினில் ஒரு பாட்டி விரலை வைத்து அழுத்துகிறார். களை பறித்தும் நாற்று நட்டும் ரேகை தேய்ந்துபோன விரல். மெஷின் ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். அந்த இரண்டாவது முறைதான் படம். கை நடுங்குவதால் விரல் கலங்கித் தெரிகிறது. முகம் தெளிவாக இருக்கிறது. வாய் லேசாகத் திறந்திருக்க, பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பிள்ளை மாதிரி அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னால் நிற்கும் பெண் காலிப் பையை மடித்து அக்குளில் இடுக்கியிருக்கிறார்.

உங்கள் குறிப்பு: “விரல் ஷார்ப்பாக இல்லை. நாய்ஸ் அதிகம். இடது ஓரத்தில் விற்பனையாளர் பாதி வெட்டுப்பட்டிருக்கிறார்.”

மூன்றும் உண்மை. நாய்ஸ் ஏறிப் படம் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஐயா, தெளிவாக இல்லை என்று சொல்லித்தான் மெஷினும் அந்த விரலைத் தள்ளியது. உங்களுக்குக் கூடுதலாக ஏதாவது தெரியும் என்று நம்பித்தானே நுழைவுக் கட்டணம் கட்டி அனுப்புகிறோம்?

கடையில் ஒரே ஒரு டியூப் லைட், அதுவும் உள்ளே மூட்டைகளுக்கு மேலே. தம்பியிடம் இருப்பது கேமராவோடு வந்த 18-55 லென்ஸ். முழுதாக ஜூம் செய்து 55-இல் வைத்தால் அதன் துளை 5.6-க்கு மேல் திறக்காது, வெளிச்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே வரும். குறைந்த வெளிச்சத்துக்காக ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றியும் (நாய்ஸ் வந்தது அதனால்தான்) ஷட்டர் வேகம் 1/30 விநாடியைத் தாண்டவில்லை, நடுங்கும் கைக்கு அது போதாது. ஃபிளாஷ் போட்டிருந்தால் விரல் நின்றிருக்கும், பாட்டியும் திரையை விட்டுவிட்டு கேமராவைப் பார்த்திருப்பார். அப்புறம் அங்கே எடுக்க என்ன இருக்கிறது? இன்னும் அகலமாகத் திறக்கும் 2.8 லென்ஸ் வாங்க அவனுக்கு எத்தனை மாதச் சம்பளம் ஆகும் என்று நான் சொல்லக் கூடாது, சம்பளம் கொடுப்பவன் நான்.

முதலில் கேட்பது இது. ஃபோகஸ், நாய்ஸ், ஓரம் வெட்டுப்பட்டது என்பதற்காக மட்டும் எந்தப் படத்தையும் முதல் சுற்றில் தள்ளாதீர்கள். தள்ளத் தோன்றினால், அது என்ன சொல்ல வருகிறது என்று நடுவர்கள் மூவரும் ஒரு நிமிடம் பேசிவிட்டுத் தள்ளுங்கள்.

தொழில்நுட்பம் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. தாலி கட்டும் படத்தில் ஃபோகஸ் போனால் எனக்குப் பாக்கிப் பணம் வராது. ஆனால் நீங்கள் நடத்துவது கலைப் போட்டி என்று நோட்டீஸில் போட்டிருக்கிறீர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூனின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. கல்கத்தாவில் பிறந்தவர், 48 வயதில் கையில் கேமரா கிடைத்தது. ஃபோகஸ் பிடிக்கத் தெரியாதவர் என்று அந்தக் காலப் புகைப்படப் பத்திரிகைகள் அவரைக் கடிந்துகொண்டன. இன்று விக்டோரியா ஆல்பர்ட் என்று பெயர் மாறியிருக்கும் லண்டன் அருங்காட்சியகம் 1865-லேயே அவர் படங்களை வாங்கியது. 1875-இல் இலங்கைக்குப் போனவர், அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்தார். 1879-இல் அங்கேயே இறந்தார். போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா 1944 ஜூன் 6 அன்று, நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் இறங்கியபோது எடுத்த, தண்ணீரில் தவழும் அந்தச் சிப்பாயின் படமும் கலங்கியதுதான். உங்கள் மதிப்பெண் தாளில் இவர்களுக்கு எவ்வளவு வரும்? ஃபோகஸுக்கு ஒரு கட்டம், எக்ஸ்போஷருக்கு ஒன்று, கம்போசிஷனுக்கு ஒன்று, எடிட்டிங்குக்குக்கூட ஒன்று இருக்கிறது. பார்க்கிறவரைப் படம் என்ன செய்கிறது என்பதற்குக் கட்டமே இல்லை.

கட்டம் இல்லாததால் என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். விடியற்காலைப் புழுதியில் ஆட்டு மந்தை, பின்னாலிருந்து வெளிச்சம், கம்பு ஊன்றிய கிழவர். போன வருடமும் அவர்தான், இந்த வருடமும் அவர்தான். புழுதி போதவில்லை என்று மந்தையை மறுபடி திருப்பி ஓட்டச் சொல்லி, கிழவருக்குக் காசு கொடுத்து, பத்து பேர் வரிசையாக உட்கார்ந்து எடுக்கிறார்கள். ஒவ்வொரு ரோமமும் ஷார்ப்! பேசாமல் ஆடுகளுக்கே ஒரு தங்கப் பதக்கம் கொடுத்துவிட்டால் செலவாவது மிச்சம்.

மன்னிக்கவும், கொஞ்சம் சூடாகிவிட்டது. வாரக் கணக்கில் ஆயிரக்கணக்கான படங்களைச் சம்பளம் வாங்காமல் பார்க்கிறீர்கள், அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. திரையில் ஒரு படத்துக்கு நாலைந்து விநாடிதான் கிடைக்கிறது என்பதும் தெரியும். அந்த நேரத்தில் கண்ணுக்கு முதலில் படுவது நாய்ஸ்தான். அதனால்தான் அந்த ஒரு நிமிடத்தைக் கேட்கிறேன்.

தம்பியின் படத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லவில்லை. அடுத்த போட்டிக்கான விதிமுறைகள் அச்சுக்குப் போகுமுன், தொழில்நுட்பக் குறைக்காக மட்டும் முதல் சுற்றில் நீக்கம் கிடையாது என்று ஒரு வரி சேருங்கள். மதிப்பெண் தாளில் அந்த விடுபட்ட கட்டத்தையும் போடுங்கள். முடியாது என்றால், நோட்டீஸில் கலை என்ற சொல்லை எடுத்துவிட்டுத் தொழில்நுட்பப் போட்டி என்று அச்சடியுங்கள், நாங்கள் ஆடுகளைத் தேடிப் போய்க்கொள்கிறோம்.

தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் போட்டிக்குத் தவறாமல் படம் அனுப்பும் ஒரு ஸ்டூடியோக்காரன்