என் கோர்ஸ்மேட்டுக்காக ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் காலமான செய்தி வந்திருந்தது. வங்கியில் அவர் வகித்த பதவிகள், திறந்துவைத்த கிளைகள், வாங்கிய கேடயங்கள் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசியில் 'இளமையில் சில காலம் ராணுவத்திலும் இருந்தார்' என்று ஒரு வரி போட்டு முடித்திருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவன் என் கோர்ஸ்மேட், ராணுவ அதிகாரிப் பயிற்சியில் என்னோடு ஒரே பிரிவில் இருந்தவன். அரை நூற்றாண்டுக்கும் மேலாக 'வாடா போடா' என்றே பேசிப் பழகியவர்கள் நாங்கள். இங்கேயும் அவன் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி உங்களுக்குத் தெரியாததல்ல. 1962 சீனப் போருக்குப் பிறகு அதிகாரிகள் போதாமல் 1963-ல் ஆபீஸர்ஸ் டிரெயினிங் ஸ்கூல் என்று தொடங்கினார்கள். அகாடமி என்ற பெயர் 1988-ல்தான் வந்தது. எங்களுக்கு அது என்றைக்கும் ஓ.டி.எஸ். தான். 1971-ல் தோளில் ஒற்றை நட்சத்திரத்தோடு அங்கிருந்து வெளியே வந்தோம்.

அவன் தமிழ் மீடியத்தில் படித்தவன். கத்தியும் முள்கரண்டியும் பிடிக்க மெஸ்ஸில் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். ஷூவுக்கு பாலிஷ் போட நான் அவனிடம் கற்றுக்கொண்டேன். பஞ்சை நனைத்து, விரல் நுனியால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்து, ஷூ முனையில் முகம் தெரியும்வரை விடமாட்டான். ஒருமுறை நான் காய்ச்சலில் கிடந்தேன். மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன். விடிவதற்குள் என் ஷூவையும் அவனே தேய்த்து வைத்துவிட்டான். அணிவகுப்புப் பயிற்சி தரும் டிரில் உஸ்தாத் குனிந்து பார்த்தார், இரண்டு ஜோடியும் ஒரே கை வேலை என்று கண்டுபிடித்துவிட்டார். இருவருக்கும் ரகடா, அதாவது உடம்பை வாட்டும் தண்டனை. வெயிலில் ஃப்ரண்ட் ரோல் போட்டுக்கொண்டே, "காய்ச்சல் விட்டுடுச்சாடா?" என்று கேட்டான்.

இன்று அங்கே இருக்கும் அணிவகுப்பு மைதானமான டிரில் ஸ்கொயருக்குப் பரமேஸ்வரன் பெயர். எங்களுக்கு அடுத்த வருடம், 1972-ல் பயிற்சி முடித்தவர். 1987 நவம்பர் 25-ல் இலங்கையில் உயிரைக் கொடுத்து, போர்க்கால வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் என் நண்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவான். நட்சத்திரம் தோளில் ஏறிய நாளிலிருந்து சாகிற நாள் வரை அவன் அதிகாரியாகவே இருந்தான் ஐயா. சில காலம் வந்து போனவன் கிடையாது.

பயிற்சி முடித்த அதே வருடம் டிசம்பர் 3-ஆம் தேதி பாகிஸ்தானோடு போர் மூண்டது. நான் கிழக்கில். அவன் மேற்கே ஷக்கர்கர் பகுதியில், ஒரு பிளட்டூனுக்கு, அதாவது ஒரு சிறு படைப்பிரிவுக்குப் பொறுப்பாக. இருபத்திரண்டு வயது. ஒவ்வொரு டிசம்பர் 16-ஆம் தேதியும் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த அந்தப் படத்தைத் தவறாமல் போடுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் மறுநாள் இரவு எட்டு மணிக்குப் போர்நிறுத்தம் வரும்வரை மேற்கில் பனியிலும் கண்ணிவெடி வயல்களிலும் நின்றவர்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதியதுண்டா? அங்கே பிடித்த மண்ணை 1972 சிம்லா ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுத்தார்கள். அதில் அவனுக்குக் குறை இருந்ததாக நான் அறியேன். "நிலம் திரும்பப் போச்சு, நம்ம பையன்தான் திரும்ப வரலை" என்று ஒரே ஒரு தடவை சொன்னான்.

அந்தப் பையன் அவன் பிளட்டூன் சிப்பாய், கண்ணிவெடியில் போனவன். அந்தத் தாய்க்கு ஒவ்வொரு டிசம்பரிலும் மணியார்டர் அனுப்பினான். எனக்கே இது தெரியாது. காரியம் முடிந்த பிறகு மகள் பீரோவிலிருந்து ரசீதுக் கட்டை எடுத்துக் காட்டினாள். வருடவாரியாக அடுக்கி, நூல் போட்டுக் கட்டியிருந்தது. நடுவில் திரும்பி வந்த படிவம் ஒன்று, பெறுபவர் இறந்துவிட்டார் என்று தபால்காரர் எழுதியது. அதற்கு அடுத்த வருட ரசீதிலிருந்து அந்தப் பையனின் தங்கை பெயர். நீங்கள் பக்கம் பக்கமாகப் பாராட்டிய வங்கிச் சம்பளத்திலிருந்து போன பணம்தான் அது.

சொல்ல வந்தது இதை மட்டுமல்ல. சில ஆண்டுகளுக்கு மட்டும் என்று குறுகியகாலப் பணியில் சேர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடை மட்டும்தான். அதிகாரிகளுக்குப் பென்ஷன் வேண்டுமென்றால் இருபது வருடம் இருக்க வேண்டும், பதினான்கு வருடம் இருந்தவர்களும் வெறுங்கையோடுதான் போனார்கள். 2015-ல் 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' வந்தபோது முன்னாள் ராணுவத்தினர் அனைவருக்கும் விடிந்துவிட்டது போலத் தலைப்பு வைத்தீர்கள். ஓய்வூதியமே இல்லாதவனுக்கு எந்த விடிவு? முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் 2003-ல் வந்தது, ஓய்வூதியம் பெறுபவர்களுக்காக. எங்களுக்கு அந்தக் கதவு திறந்தது 2019-ல்தான். அதற்கு முன்பே அவனுக்கு பைபாஸ் ஆகிவிட்டது, முழுக்கச் சொந்தப் பணத்தில். ஓர் அலுவலகத்தில் கவுன்டரில் இருந்த இளைஞர், "பென்ஷன் புக் இல்லேன்னா நீங்க எப்படி சார் எக்ஸ்-சர்வீஸ்மேன்?" என்று கேட்டார். மெடல்களைப் பொத்தி வைத்திருந்த கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அவன் எழுந்து வந்துவிட்டான். நான்தான் கத்தினேன்.

2021-ல் அந்தப் போரின் பொன்விழா. நானும் அவனும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதி உங்களுக்கு அனுப்பினோம். கையெழுத்து நன்றாக இருக்க வேண்டுமென்று அவன் இரண்டாவது முறை பிரதி எடுத்தான். கட்டுரையும் வரவில்லை, கிடைத்தது என்று ஒரு கார்டும் வரவில்லை. அவன் வருடம் முடியும்வரை ஞாயிறு இணைப்பைப் புரட்டிக்கொண்டிருந்தான். இதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்.

இறுதிச் சடங்கன்று எங்கள் கோர்ஸில் மிச்சமிருப்பவர்களில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தோம். ஒருவர் வாக்கரோடு. வண்டி கிளம்பும்போது வரிசையாக நின்று சல்யூட் வைத்தோம். உங்கள் நிருபர் பக்கத்தில்தான் நின்றார். வங்கியிலிருந்து வந்தவர்களிடம் குறிப்பெடுத்தார். எழுபத்தைந்து வயதைத் தாண்டிய கிழவர்கள் ஏன் அட்டென்ஷனில் நிற்கிறார்கள் என்று எங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அவரைத் திட்ட மனமில்லை, சின்ன வயது. அவர் எழுதியதைப் படித்துப் பார்த்து அச்சுக்கு அனுப்பியவர்கள் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்களே, அவர்களைத்தான் கேட்கிறேன்.

என் வேண்டுகோள் சிறியது. 1971-ல் சென்னை ஓ.டி.எஸ்.ஸில் பயிற்சி முடித்து அதிகாரியானவர், அதே ஆண்டுப் போரில் மேற்கு முனையில் போரிட்டவர், அந்தப் போருக்கான பதக்கங்களான பஸ்சிமி ஸ்டாரும் சங்கிராம் மெடலும் பெற்றவர் என்று, செய்தி வந்த அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். மூன்று வரி போதும். நீங்கள் போட்ட சஃபாரி சூட் படத்துக்குப் பதிலாக, சீருடையில் எடுத்த படத்தை அவன் மகளின் சம்மதத்தோடு இணைத்திருக்கிறேன். குடும்பத்திடம் இருப்பது இந்த ஒரு பிரதிதான். சுயமுகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையும் வைத்திருக்கிறேன். திருத்தம் போட்டாலும் போடாவிட்டாலும் படத்தைத் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற குறுகியகாலப் பணி அதிகாரி,
சென்னை.