முதலில் ஓட்டை, பிறகு பஞ்சு

அன்புள்ள மகளுக்கு,

உன் வீட்டுக் கூரைக்கடியில் இருக்கும் பரணில் நீ எடுத்து அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் பஞ்சில் திட்டுத் திட்டாகக் கறுப்பு விழுந்திருக்கிறதே, அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. வெறும் அழுக்கு என்று விட்டிருப்பாய். அழுக்குதான், ஆனால் எப்படி வந்த அழுக்கு? வீட்டுக்குள்ளிருந்து காற்று அந்த இடத்தில் மேலே ஏறிப் போகிறது. கண்ணாடி இழைப் பஞ்சு தூசியை மட்டும் வடிகட்டி வைத்துக்கொண்டு காற்றை விட்டுவிடுகிறது. கறுப்பு இருக்கும் இடத்துக்குக் கீழே, சீலிங்கில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

உன் கேள்வி, இன்சுலேஷன், அதாவது வெப்பத்தைத் தடுக்கும் அந்தப் பஞ்சு, எத்தனை அங்குலம் போடலாம் என்பது. அதற்கும் வருகிறேன். அதற்கு முன்னால் அந்த ஓட்டைகளை அடைக்க வேண்டும். பஞ்சு காற்றை நிறுத்தாது. தனக்குள் அசையாமல் நிற்கும் காற்றைக் கொண்டுதான் அது வெப்பத்தைத் தடுக்கிறது. கீழிருந்து காற்று ஊடுருவிப் போய்க்கொண்டிருந்தால் எவ்வளவு கனமாகப் போட்டாலும் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திப் படுத்த கதைதான்.

குளிர்காலத்தில் கீழ் அறையில் கால் சில்லிடுகிறது என்று கதவடியில் துணியைச் சுருட்டி வைத்திருப்பதாகச் சொன்னாய். அந்தக் குளிருக்கும் பரணுக்கும் சம்பந்தம் உண்டு, அம்மா. சூடான காற்று லேசானது. மேலே ஏறி, சீலிங் ஓட்டைகள் வழியாகப் பரணுக்குப் போய்விடும். போன காற்றுக்கு ஈடாக, கீழே இருக்கிற இடுக்குகள் வழியாக வெளிக்குளிர் உள்ளே இழுக்கப்படும். மேலே அடைத்தால் கீழே இழுப்பு தானாகக் குறையும். கதவடித் துணி அப்படியே இருக்கட்டும். ஆனால் வேலை மேலேதான்.

எங்கே தேடுவது? மின்கம்பிகளும் தண்ணீர்க் குழாய்களும் சீலிங்கைத் துளைத்து வரும் இடங்கள், உள்சுவர்களின் தலைப்பகுதி, சீலிங்கில் பதிந்த விளக்குகள், குளியலறை விசிறியின் பெட்டி, புகைபோக்கியைச் சுற்றிய இடைவெளி. எல்லாவற்றுக்கும் மேலாக, நீ ஏறிப் போகிறாயே அந்தப் பரண் கதவு. சுற்றிலும் ரப்பர் பட்டை ஒட்டாமல், முதுகில் இன்சுலேஷன் இல்லாமல் ஒரு மெல்லிய பலகை மட்டும் கிடக்கிறது. காற்றுள்ள நாளில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, கீழே நின்றபடி அந்தக் கதவு ஓரமாகக் காட்டிப் பார், புகை எந்தப் பக்கம் போகிறது என்று. மேலே பஞ்சுக்குப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

சின்ன ஓட்டைக்கு சீலண்ட் என்கிற அடைப்புப் பசை, நடுத்தரத்துக்கு உப்பி இறுகும் ஃபோம், பெரிய குழிக்குப் பலகை வெட்டி வைத்து ஓரம் பூச வேண்டும். புகைபோக்கியைச் சுற்றி மட்டும் சாதாரண ஃபோம் கூடவே கூடாது. தகடும் சூடு தாங்கும் சீலண்டும்தான். பஞ்சும் அதை ஒட்டி இருக்கக்கூடாது. குறைந்தது 2 அங்குலம் விலகி நிற்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பழைய பதிந்த விளக்குகளில், மேலே பஞ்சால் மூடலாம் என்று குறிப்பிடாதவை சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அவற்றை, பஞ்சால் மூடலாம் என்று குறிப்பிட்ட, காற்றுப் புகாத எல்இடியாக மாற்றிவிடு.

இனி உன் கேள்வி. வெப்பம் கடப்பதைத் தடுக்கும் திறனை 'ஆர்' மதிப்பு என்பார்கள். ஊதிப் போடும் செல்லுலோஸ் (காகிதத் துகள்) ஓர் அங்குலத்துக்குச் சுமார் 3.5 கொடுக்கும், கண்ணாடி இழைப் பஞ்சு கொஞ்சம் குறைவாக. உன் பரணில் இப்போது இருப்பது 3 அங்குலம் என்றால் 10 என்று வைத்துக்கொள். 20 ஆக்கினால் கடக்கும் வெப்பம் பாதியாகும். இன்னொரு 10 சேர்த்து 30 ஆக்கினால், முதலில் போய்க்கொண்டிருந்ததில் ஆறில் ஒரு பங்குதான் மேலும் குறையும். முதல் அங்குலங்கள்தான் நிறையச் சம்பாதித்துத் தரும். குளிர் அதிகமான இடங்களில் 49, 60 என்றெல்லாம் கேட்பார்கள். உங்கள் பகுதி விதி என்ன சொல்கிறதோ அதை எட்டினால் போதும், அதற்கு மேல் விற்பனைப் பேச்சு. பையில் இருக்கும் எண்ணைப் பார்க்கும்போது எந்த அளவுமுறை என்று பார்த்துக்கொள். மெட்ரிக்கில் 7 என்றால், நான் மேலே சொன்ன பழைய அங்குல முறையில் ஏறக்குறைய 40.

கனமான பஞ்சைச் சின்ன இடத்தில் அமுக்கித் திணிக்க விடாதே. உள்ளே நிற்கும் காற்று வெளியேறிவிட்டால் மொத்த மதிப்பும் இறங்கிவிடும். பழையதின் மேல் புதியதைப் பரப்பும்போது நடுவே பிளாஸ்டிக் தாளோ பஞ்சின் ஒரு பக்கத்தில் ஒட்டிய காகிதமோ இருக்கக்கூடாது, ஈரம் அங்கே சிக்கிக்கொள்ளும்.

ஈரம் என்றதும் இன்னொரு படம் நினைவுக்கு வருகிறது, வளைந்து கிடக்கும் வெள்ளிக் குழாய். குளியலறை விசிறியின் குழாய்தானே அது? பரணுக்குள்ளேயே முடிகிறது. நீங்கள் குளிக்கிற நீராவியெல்லாம் கூரைப் பலகையில் போய்ப் படிகிறது. அதைக் கூரை வழியாகவோ சுவர் வழியாகவோ வெளியே கொண்டுபோகச் சொல். கூரையில் துருத்தும் ஆணி முனைகள் துருவேறியிருக்கின்றனவா என்றும் பார். துருவிருந்தால் குளிர்காலத்தில் அங்கே உறைபனி பிடிக்கிறது.

கூரையில் மின்விசிறி வைக்கலாம் என்கிறாராமே உன் ஒப்பந்தக்காரர். எனக்கு அதில் சம்மதமில்லை. சீலிங்கில் ஓட்டை இருக்கும்போது அந்த விசிறி வெளிக்காற்றை மட்டும் இழுக்காது, நீ காசு கொடுத்துக் குளிர்வித்த காற்றையும் சேர்த்து இழுத்து வெளியே தள்ளும். விசிறி இல்லாமலே வேலை நடக்கும். இறவாரத்தின் அடியில் காற்று நுழைய வழி, முகட்டில் வெளியேற வழி, இரண்டும் இருந்தால் போதும். பொதுவான கணக்கு, திறப்புகள் மொத்தம் பரண் தரைப்பரப்பில் 300இல் ஒரு பங்கு. உன் 90 சதுர மீட்டருக்கு 0.3 சதுர மீட்டர். அதில் பாதி கீழே, பாதி மேலே. வலையும் தகடும் அடைப்பது போக மீதி திறப்பைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

பஞ்சு போடுகிறவர்கள் அவசரத்தில் இறவார ஓரத்தை மூடிவிடுவது வாடிக்கை. கைமரங்களின் ஒவ்வொரு இடைவெளியிலும் தடுப்பு அட்டை வைத்து, கூரைப் பலகைக்கும் பஞ்சுக்கும் இடையே ஓர் அங்குலமாவது விடச் சொல். அந்த வழி அடைந்தால் ஈரம் தங்கும். பனி பெய்யும் இடமானால், கசியும் சூட்டில் கூரைப்பனி உருகி, சூடில்லாத ஓரத்துக்கு வந்து மறுபடி உறைந்து, பின்னால் வரும் நீரை ஓட்டுக்கடியில் தள்ளும்.

கோடைக்கு மட்டும் ஒரு வார்த்தை. காற்றோட்டத்தால் மின்கட்டணம் பெரிதாக இறங்கிவிடும் என்று எதிர்பார்க்காதே. அதைச் செய்வது இன்சுலேஷன். காற்றோட்டம் கூரை மரத்தைக் காப்பாற்றுகிறது.

எரிவாயு வெந்நீர் இயந்திரம் வீட்டுக் காற்றையே எடுத்து எரிகிறதென்றால், அடைப்பு வேலை முடிந்ததும் புகை சரியாக வெளியேறுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே தொடாதே. கூழாங்கல் மாதிரி மினுங்கும் பழுப்புத் துகள் பரணில் இருந்தால் அது வெர்மிகுலைட்டாக இருக்கலாம், அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும் அபாயம் உண்டு. கையால் தொடாமல் சோதனைக்கு ஆள் கூப்பிடு. பீங்கான் குமிழில் ஓடும் பழைய ஒயர் இருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை பஞ்சு போட வேண்டாம். ஏறும்போது முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை. கால் வைப்பது விட்டத்தின் மேல் மட்டும், நடுவில் வைத்தால் கீழ் அறைக்கே வந்துவிடுவாய்.

ஒப்பந்தக்காரரிடம் விசிறியை நீக்கிவிட்டு, ஓட்டை அடைப்பு, தடுப்பு அட்டை, குளியலறைக் குழாய், பரண் கதவு இவற்றைத் தனித்தனி வரியாக எழுதிப் புது மதிப்பீடு தரச் சொல். வந்ததும் எனக்கு அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா