மைதானத் திருப்பணி நிறைவு அறிக்கை

முன்னாள் மாணவர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் அரசு மேல்நிலைப் பள்ளி மைதான வேலை முடிந்தது. கோயிலுக்குத்தானே திருப்பணி என்று கேலி செய்தவர்களும் நன்கொடை தந்திருக்கிறார்கள், நன்றி. போன வாரம் விடிய விடிய மழை. காலையில் குழுவினர் குடையும் கையுமாகப் போய்ப் பார்த்தபோது கபடிக் களத்தில் பிள்ளைகள் ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டு ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்பு ஒரு மழை பெய்தால் நாலு நாளைக்கு அங்கே தவளைதான் கத்தும்.

பணத்தில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போயிருக்கிறது. முகப்பு வளைவு, பெயர் பொறித்த மேடை என்று முதல் கூட்டத்தில் எழுந்த யோசனைகளை ஒதுக்கிவிட்டு, மைதானத்துக்குத் தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்து, சுற்றுச்சுவர் ஓரமாக வடிகால் வெட்டினோம். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் கிடைத்த பிறகே மண்ணில் கை வைத்தோம்.

கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கிராவலைச் சுரண்டி எடுத்துவிட்டு, சலித்த செம்மண்ணில் மக்கிய எருவும் மரத்தூளும் கலந்து பரப்பி, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினோம். மண்ணுக்குப் பதிலாக மேட் (செயற்கை விரிப்பு) வாங்கலாமே என்று வெளியூர் உறுப்பினர்கள் கேட்டது நியாயம். பெரிய போட்டிகள் இப்போது மேட் மீதுதான் நடக்கின்றன. மண்ணில் வெறுங்காலோடு பழகிய பிள்ளை, ஷூ போட்டு அதில் ஏறினால் தடுமாறத்தான் செய்யும். ஆனால் மேட் விரிக்கக் கூரை வேண்டும். அதற்கு இப்போது கையில் காசு இல்லை.

மாணவிகளுக்கு 12க்கு 8 மீட்டரில் தனிக் களம். பையன்கள் களத்திலேயே மாற்றிக் கோடு போட்டால் ஆகாதா என்றார்கள் சிலர். ஆகாது. பையன்கள் ஆடி முடிக்கும்வரை காத்திருந்தால் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கடைசி பஸ் போய்விடும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியிலிருந்து சென்னை கண்ணகி நகர் கபடி வீராங்கனை கார்த்திகா தங்கத்தோடு திரும்பியதும் இங்கே கபடிக்குப் பெயர் கொடுக்கும் மாணவிகள் கூடிவிட்டார்கள். இத்தனை காலம் ஆய்வகத்தில் உடை மாற்றியவர்களுக்கு இப்போது தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை இருக்கிறது. குழு பெருமைப்படும் ஒரே கட்டடம் அது.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறோம். வாலிபால் கோர்ட்டை ஒப்பந்தக்காரர் கிழக்கு மேற்காகப் போட்டுக் கம்பமும் நட்டுவிட்டார். சாயங்காலப் பயிற்சியில் ஒரு பக்கத்து அணிக்கு வெயில் நேரே கண்ணில் அடிக்கும் என்று பி.டி. சார் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. பிடுங்கி, வடக்கு தெற்காக மாற்றினோம். செலவில் பாதி ஒப்பந்தக்காரருடையது, பாதி நம்முடையது. கூட நின்று பார்க்காதது எங்கள் குற்றம். புதுக் கம்பத்தில் பையன்களுக்கு 2.43 மீட்டரிலும் மாணவிகளுக்கு 2.24 மீட்டரிலும் வலை கட்டலாம்.

கோகோ களத்துக்குக் கம்பம் மாற்றியதோடு சரி.

வரவு செலவுக் கணக்கு, ரசீது நகல்களோடு தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே ஒட்டப்பட்டிருக்கிறது. ரோலர் பி.டி. சார் பொறுப்பில் இருக்கும். கல்யாண மண்டபத்துக்கு வருகிறவர்கள் மைதானத்தில் கார் நிறுத்தும் வழக்கம் இன்றோடு நின்றது. தலைவர் வீட்டுக் கல்யாணம் ஆவணியில் வருகிறது. அவருக்கும் இதே விதிதான், அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு