ஃபார்வின் ஜெர்சி

மில்வாக்கி, விஸ்கான்சின்

அன்புள்ள கயலுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். சென்ற ஞாயிறு தொலைபேசியில், "எப்போதப்பா ரிட்டயர் ஆகப்போகிறீர்கள்?" என்று நீ கேட்டவுடன் நான் ஆட்டத்தின் ஸ்கோரைச் சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன். நம் வீட்டில் எதைப் பேசுவதானாலும் அமெரிக்க ஃபுட்பால் வழியாகவே பேசிப் பழக்கமாகிவிட்டதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2008 மார்ச்சில், நம் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்காகப் பந்தெறிந்து ஆட்டத்தை நடத்திய குவாட்டர்பேக் பிரெட் ஃபார்வ் செய்தியாளர்கள் முன்னால் அழுதபடி விடைபெற்றபோது உனக்கு 12 வயது. கூடத்துக் கம்பளத்தில் உட்கார்ந்து, அவருடைய 4-ஆம் எண் ஜெர்சியின் கழுத்துப்பட்டையைக் கடித்துக்கொண்டு நீயும் அழுதாய். தன்னால் இன்னும் ஆட முடியும், ஆட விருப்பம்தான் இல்லை என்று அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். கோடை முடிவதற்குள் மனம் மாறி நியூயார்க் ஜெட்ஸ் அணிக்குப் போனார். மறுபடி விடைபெற்றார், மறுபடி திரும்பி வந்தார். 2009 நவம்பரில், நம் ஊர்க்காரர்கள் பரம்பரைப் பகையாளியாக நினைக்கும் வைக்கிங்ஸ் அணியின் ஊதா உடையில் நம் லாம்போ மைதானத்துக்கே வந்து, 38-26 என்று பேக்கர்ஸைத் தோற்கடித்துவிட்டும் போனார். அன்றிரவு நீ கராஜில் வீசிய ஜெர்சி, பனி அகற்றும் இயந்திரத்தின் மேல் இன்றும் கிடக்கிறது.

அப்போது எனக்கும் கோபம்தான். ஆனால் 71 வயதில் நினைத்துப் பார்க்கும்போது அந்த மனிதரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. 40 வயதைத் தொட்ட அந்த ஆட்டப் பருவத்தில் அவர் புள்ளி ஈட்டித் தரும் டச்டவுன் பந்துகள் 33 வீசினார், 7 பந்துகளைத்தான் எதிராளியிடம் பறிகொடுத்தார். அவர் வாழ்க்கையிலேயே அதைவிடத் துல்லியமாக ஆடிய பருவம் இல்லை என்று சொல்லிவிடலாம். அடுத்த ஆண்டு டிசம்பரில் தோள் ஒத்துழைக்காமல், தொடர்ந்து 297 ஆட்டங்களைத் தொடங்கிய அவருடைய சாதனை நின்றது. ஒரு வருடம் அவர் கணக்கு சரி, மறு வருடம் அதே கணக்கு தவறு. இரண்டுக்கும் இடையே எந்த மணியும் அடிக்கவில்லை.

வென்ற கையோடு விலக வேண்டும் என்பார்கள். அதற்கு எல்லோரும் காட்டுவது டென்வர் குவாட்டர்பேக் பெய்டன் மேனிங்கை. 2016 பிப்ரவரியில் சூப்பர் பௌல் என்னும் இறுதிப்போட்டியில் வெற்றி, மார்ச்சில் ஓய்வு. அதே பருவத்தின் நடுவில், கேன்சஸ் சிட்டிக்கு எதிராக 20 முறை வீசி 5 மட்டுமே தன் ஆட்களிடம் சேர, 4 பந்துகளைப் பறிகொடுத்து வெளியே உட்கார்த்தப்பட்டதும் அதே மேனிங்தான். கோப்பை வரை அவரைப் பல்லக்கில் சுமந்து சென்றது டென்வரின் தற்காப்பு அணி. இன்னொரு பெரிய குவாட்டர்பேக் டேன் மரினோவின் கடைசி ஆட்டமோ 62-7 என்ற தோல்வி. அதனால் மரினோவை யாராவது குறைவாக நினைக்கிறார்களா? கடைசிக் காட்சிக்கு நாம் வேண்டாத மதிப்பைக் கொடுக்கிறோம் என்றே எனக்குப் படுகிறது.

உன் வயதில், 29-இல், விலகிய குவாட்டர்பேக் ஆண்ட்ரூ லக்கைப் பார். காயம், வலி, சிகிச்சை, மறுபடி காயம் என்ற சுழலிலிருந்து வெளியே வர அவருக்கு முழு உரிமை உண்டு. 2019 ஆகஸ்டில் பயிற்சி ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே செய்தி கசிந்து, சொந்த ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு அனுப்பியது கேவலம். ஆனாலும் பருவம் தொடங்க இரண்டு வாரம் இருக்கையில் ஓர் அணி புதிய குவாட்டர்பேக்கை எங்கே போய்த் தேடும்? மார்ச் நடுவில் வீரர் சந்தை திறக்கிறது, ஏப்ரலில் கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வருகிறது. அதற்கு முன்பே சொல்லிவிடுவது பின்னால் வருபவருக்குச் செய்யும் மரியாதை.

பயிற்சியாளர்கள் நிலைமை இன்னும் சிக்கல். அவர்களை யாரும் தரையில் சாய்ப்பதில்லை என்பதால், உடம்பு எச்சரிக்கை தருவதில்லை. பில் பெலிசிக் 333 வெற்றிகளோடு, டான் ஷூலாவின் சாதனையான 347-க்கு 14 குறைவாக, 2024 ஜனவரியில் நியூ இங்கிலாந்து அணியை விட்டு வந்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஒரு பல்கலைக்கழக அணியை ஏற்றுக்கொண்டார். அலபாமா பல்கலைக்கழக அணியின் பியர் பிரையன்ட், வேலையை விட்டால் ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். 1982 டிசம்பர் 29-இல் கடைசி ஆட்டம். 28 நாளில் மாரடைப்பு.

எனக்குப் பிடித்தது அதே அலபாமாவின் பயிற்சியாளராக இருந்த நிக் சேபனின் முடிவு. 72 வயதில், அணிக்கு வரும் பையன்களும் துணைப் பயிற்சியாளர்களும் இன்னும் எத்தனை ஆண்டு இருப்பீர்கள் என்று கேட்க, அதற்கு நேர்மையாகப் பதில் சொல்வது கடினமாகிவிட்டது என்றார். சென்ற மாதம் ஒரு மாணவன் என்னிடம் ஆய்வில் சேர வந்து, நான்கு வருடமும் நீங்கள் இருப்பீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். இருப்பேன் என்றேன். சொன்ன பிறகு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, முந்தைய வகுப்பில் நிறுவிய தேற்றத்தையே மறுபடி முதலிலிருந்து நிறுவிக்கொண்டிருந்தேன். பலகை பாதி நிறைந்த பிறகுதான் யாரும் எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். முன்வரிசைப் பெண் பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்திருந்தாள். மரியாதைக்காக அத்தனை பேரும் பேசாமல் இருந்தார்கள்.

நேற்றுத் துறைத்தலைவரிடம் வரும் மே மாதத்தோடு விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தக் குளிர்காலத்திலேயே விளம்பரம் செய்து ஆள் எடுக்க அவர்களுக்கு நேரம் வேண்டும். அந்த மாணவனையும் அழைத்து, இளையவர் ஒருவரிடம் சேர்த்துவிட்டேன். குவாட்டர்பேக் டாம் பிரேடி ஓய்வை அறிவித்து 40 நாளில் திரும்பி வந்ததைப் போல நானும் வருவேனோ என்று நீ கேட்பாய். அதற்காகவே அறைச் சாவியையும் சேர்த்துக் கொடுத்தாயிற்று.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தேங்க்ஸ்கிவிங்குக்கு நீ வரும்போது இருவருமாகச் சொல்லலாம் என்றிருக்கிறேன். பியர் பிரையன்ட் கதையை மட்டும் அவளிடம் எடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா