சைலன்சர் வாங்கப்போகும் நண்பனுக்கு

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உரிமம் கைக்கு வந்துவிட்டதையும், .308 ரைபிளுக்கு (அங்குலக் கணக்கில் குண்டின் விட்டம் அது) வெடியொலியைக் குறைக்கக் குழல்நுனியில் மாட்டும் சைலன்சர் ஒன்றை வாங்குவதென்று நீ முடிவு செய்திருப்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். விளம்பர ஏடுகளில் கண்ட டெசிபெல் எண்களையெல்லாம், அதாவது ஒலியைக் குறைக்கும் அளவுகளையெல்லாம், வரிசையாக எழுதி, இவற்றுள் எது உயர்ந்தது என்று கேட்டிருக்கிறாய். அந்த வரிசையை மடித்து ஓரமாக வைத்துவிடு என்பதுதான் என் முதல் பதில். காட்டில் நாள் முழுவதும் ரைபிளின் நுனியில் மாட்டியே இருக்கும்படி நீ விரும்பக்கூடிய சைலன்சர் எதுவோ அதுவே நல்ல சைலன்சர். எடை தாங்காமல் கழற்றிப் பையில் போட்டுவிட்டால், எவ்வளவு பெரிய எண்ணை அச்சிட்டிருந்தாலும் அது உன் காதுக்கு உதவப்போவதில்லை.

எண்களைப் பற்றி நீ கேட்டுவிட்டதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். சைலன்சர் இல்லாத .308 ரைபிளின் வெடியொலி குழல்வாய்க்கு அருகில் 160 டெசிபெலைத் தாண்டும். நல்ல சைலன்சர் அதிலிருந்து 20 முதல் 30 டெசிபெல் வரை குறைக்கும். டெசிபெல் மடக்கை அளவு என்பதால், பத்துக் குறைந்தாலே ஒலி ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே 20 என்பதே பெரிய குறைப்புதான். ஆனால் துப்பாக்கி ஓசையற்றுப் போய்விடும் என்று எண்ணிவிடாதே. சைலன்சர் குழலிலிருந்து பீறிடும் சூடான வாயுவைத் தடுப்புத் தட்டுகளுக்கிடையே சுழலவிட்டு, விரியவிட்டு, ஆறவிட்டு வெளியேற்றுகிறது. அதன் வேலை அவ்வளவே. நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் செல்லும் குண்டு, நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலியை முந்திக்கொண்டு போகும்போது வழிநெடுக எழுப்பும் ‘பட்’ என்ற வெடிப்பை எந்தச் சைலன்சராலும் தொட முடியாது. திரைப்படங்களில் கேட்கும் அந்த மென்மையான ‘புஸ்’ ஓசையை உன் ரைபிளிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இன்னொன்று, ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிடுவதே பெரும்பாலும் பொருளற்றது. பலர் பின்பற்றும் ராணுவ முறைப்படி, குழல்வாய்க்கு இடப்புறம் ஒரு மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் மைக்கை வைத்து அளக்க வேண்டும். சிலர் சுடுபவரின் காதருகே அளக்கிறார்கள். குழல் நீளம், தோட்டா, வெப்பநிலை, அருகில் சுவர் இருக்கிறதா இல்லையா என ஒவ்வொன்றுக்கும் எண் மாறும். வெடியொலி உச்சத்தைத் தொடும் நேரம் மிகமிகச் சிறியது என்பதால், விரைவாகப் பதியாத கருவி அந்த உச்சத்தைத் தவறவிட்டு, சைலன்சருக்குச் சாதகமான எண்ணைக் காட்டிவிடும். இரண்டு சைலன்சர்களுக்கிடையே மூன்று டெசிபெல் வேறுபாடு என்று ஏட்டில் கண்டால், அதற்காகக் கூடுதல் எடையைச் சுமக்க ஒப்புக்கொள்ளாதே.

காது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என் இடக்காதில் இரவு நேரத்தில் கேட்கும் ரீங்காரம் இப்போது நிரந்தரமாகிவிட்டது. வலக்கைக்காரர்களுக்கு இடக்காதே முதலில் கெடும் என்று மருத்துவர் விளக்கினார். கன்னத்தை ரைபிளின் பின்கட்டையில் பதித்துக் குறிபார்க்கும்போது அந்தக் காதுதான் குழல்வாயை நோக்கியிருக்கிறது, வலக்காதுக்குத் தலையே மறைப்பாகிவிடுகிறது. உட்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒருமுறை மாண்டால் மீண்டும் முளைப்பதில்லை. திடீர் ஒலிக்கு 140 டெசிபெல் உச்சம் என்பதை எல்லையாகக் கொள்கிறார்கள். சைலன்சர் மாட்டிய ரைபிள் அந்த எல்லையை ஒட்டியே நிற்கும். எனவே சைலன்சர் இருந்தாலும் காதுக்கவசம் வேண்டும். வேட்டையில் எல்லோரும் கவசம் அணிவதில்லை என்பது எனக்கும் தெரியும். அதனாலேயே சைலன்சரை நான் ஆடம்பரமாக நினைப்பதில்லை. உன் பக்கத்தில் நிற்பவருக்கும், கவசம் மாட்ட முடியாத உன் வேட்டைநாய்க்கும் அதுவே பாதுகாப்பு. இக்கருவிக்கு 1909இல் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிம், இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மாக்சிமின் மகன். அந்தத் தந்தை வெடியோசைக்கு நடுவிலேயே வாழ்ந்து, முதுமையில் ஏறத்தாழச் செவிடாகிப்போனார்.

இனி உன் ரைபிளுக்கு வருவோம். உன் குழல் 60 செ.மீ. என்று எழுதியிருக்கிறாய். அதன் நுனியில் 20 செ.மீ. நீளமுள்ள சைலன்சரைத் திருகினால், புதருக்குள் நுழையும்போதும் மறைவிடத்தின் சிறு சாளரத்தில் திருப்பும்போதும் அது எங்காவது இடித்துக்கொண்டே இருக்கும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குழலை 50 செ.மீ. அளவுக்குக் குறைத்து, அங்கே சைலன்சரைத் திருகப் புதிதாக மரை (திருகுவரி) வெட்டுவது. .308 தோட்டாவுக்குப் பத்து செ.மீ. குறைப்பதால் குண்டின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் குறையும். வழக்கமான வேட்டைத் தூரங்களில் அது பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆனால் குழல் குறையக் குறைய குழல்வாயில் அழுத்தம் ஏறும், ஒலியும் ஏறும். அதனால் அந்தச் சைலன்சர் எவ்வளவு குட்டையான குழலைத் தாங்கும் என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வழி, பின்புறமாகக் குழலின் மேலேயே உறைபோல நீண்டு படியும் வகையை வாங்குவது. நார்டிக் நாட்டு வேட்டைக்காரர்களிடையே இது பரவலாக உண்டு. வாய்க்கு முன்னால் நீளும் பகுதி இதில் பாதியளவே இருக்கும், எடையும் கைக்கு அருகில் விழும். ஆனால் உன் குழலின் தடிமன் அந்த உறைக்குள் புகுமா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

எடை என்பது கடையில் கையில் ஏந்திப் பார்க்கும்போது தெரிவதில்லை. 600 கிராம் எஃகுச் சைலன்சர் மேசைமேல் அற்பமாகத் தோன்றும்; அதே பொருள் குழலின் நுனியில் தொங்கும்போது, நின்றபடி குறிபார்க்கும் இடக்கை அரை நிமிடத்தில் நடுங்கத் தொடங்கிவிடும். நடந்து வேட்டையாடுகிற உனக்கு 400 கிராமைத் தாண்டக்கூடாது என்பது என் கருத்து. அலுமினியம் மிக இலகுவானது, ஆனால் தொடர்ந்து சுட்டுச் சூடேறினால் வலிமை இழக்கும். ஒன்றிரண்டு முறை மட்டும் சுடும் வேட்டைக்கு அது போதும், இலக்குப் பயிற்சிக்கும் அதையே கொண்டுபோனால் விரைவில் தேய்ந்துவிடும். டைட்டானியம் எஃகின் எடையில் பாதிக்குச் சற்று மேல் மட்டுமே இருக்கும், வலிமையும் துருவெதிர்ப்பும் உண்டு, விலைதான் உறுத்தும். எஃகு நெடுநாள் உழைக்கும், முதுகு ஒப்புக்கொள்ளும்வரை. உன்னுடைய பயன்பாட்டுக்கு நான் டைட்டானியத்தையே பரிந்துரைப்பேன்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும், மரை கோணலாக இருந்தால் எல்லாம் வீண். இங்கேதான் நீ மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். ஐரோப்பிய ரைபிள்களில் 14, 15, 18 மில்லிமீட்டர் விட்டத்தில் 1 மி.மீ. இடைவெளி மரைகள் வழக்கம். அமெரிக்க ரைபிள்களில் இந்தக் காலிபருக்கு (குழல்துளை அளவுக்கு) ஐந்தெட்டாம் அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 24 மரை வழக்கம். எதுவாக இருந்தாலும் மரையின் மையம் குழல் துளையின் மையத்தோடு ஒன்ற வேண்டும். குழலின் வெளிப்புறத்தைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து, அதையே மையமாக வைத்து வெட்டினால் போதாது. துளையின் மையமும் வெளிவட்டத்தின் மையமும் எல்லாக் குழல்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. மரைக்குப் பின்னால் சைலன்சர் முட்டி நிற்கும் தோள்பகுதியும் துளைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார். சைலன்சர் 0.1 பாகை சாய்ந்து உட்கார்ந்தால் 18 செ.மீ. தொலைவில் அது 0.3 மி.மீ. விலகலாகும். தடுப்புத் தட்டுகளின் துளைக்கும் குண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் உள்ள இடைவெளி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இன்னும் சற்றுக் கோணினால் குண்டு தட்டில் உரசும். உரசினால் குறி தப்புவதோடு நிற்காது, சைலன்சரே பிளந்து போகலாம்.

ஆகவே, மரை வெட்டும் வேலையைத் துப்பாக்கி வேலையே தொழிலாகக் கொண்டவரிடம் கொடு. பொதுவான கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோகாதே. வேலை முடிந்ததும் தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, குழலின் பின்புறத்தை மூடும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, துளைக்கென்றே செய்த நேர்க்கம்பியைக் குழலின் வழியே செலுத்திப் பார்க்கச் சொல். சைலன்சரின் முன்வாயில் அந்தக் கம்பி நட்டநடுவே நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் சுடாதே. குழலுக்கும் சைலன்சருக்கும் நடுவே நசுங்கும் வாஷர் எதையும் போடவிடாதே, அது சமமாக நசுங்குவதில்லை. விரைந்து மாட்டிக் கழற்றும் பூட்டுகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஒரே ரைபிளுக்கு ஒரே சைலன்சர் என்றால் நேரடியாகத் திருகுவதே எளியது, எடையும் குறைவு. திருகியது தளர்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது கையால் இறுக்கிப் பார்த்துக்கொள், அது பழக்கமாகிவிடும்.

பின்னாளில் 6.5 மி.மீ. ரைபிள் ஒன்றும் வாங்கும் எண்ணம் இருந்தால், .30 காலிபர் சைலன்சரை அதற்கும் பயன்படுத்தலாம், அந்தத் தோட்டாவின் அழுத்தத்துக்கு அது தகுதியானது என்று தயாரித்தவர் சொல்லியிருந்தால். துளை சற்றுப் பெரிதாக இருப்பதால் சில டெசிபெல் குறைவாகவே அடங்கும். சிறிய காலிபருக்கானதைப் பெரியதில் மட்டும் ஒருபோதும் மாட்டாதே.

மாட்டிய பிறகு ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, புதிதாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும். குழலின் நுனியில் எடை ஏறியதால் அதன் அதிர்வு மாறும், குண்டு படும் இடமும் சற்று நகரும். நகர்வதைப் பற்றிக் கவலைப்படாதே, ஒவ்வொரு முறையும் அதே அளவு நகர்கிறதா என்று மட்டும் பார். கழற்றி மாட்டி, மீண்டும் சுட்டு, அதே இடத்தில் குண்டு விழுந்தால் உன் மரை நன்றாக இருக்கிறது என்று பொருள். முதல் வேட்டு மற்றவற்றைவிடச் சற்று உரக்கக் கேட்டால் திகைக்காதே. உள்ளே இருக்கும் காற்றின் ஆக்சிஜனோடு எரியாத வாயு சேர்ந்து எரிவதால் அப்படி ஆகிறது. உதைப்பு வெகுவாகக் குறைவதை நீயே உணர்வாய். தோள் அச்சப்படாவிட்டால் விசையை இழுக்கும் விரலும் நிதானமாகும். உன் குறி மேம்படுவதற்கு அதுவே முக்கியக் காரணமாக இருக்கப்போகிறது.

வீடு திரும்பியதும் சைலன்சரைக் கழற்றிவிடு. எரிந்த மருந்தின் வாயுவில் நீராவியும் உண்டு. அது உள்ளே ஆறி நீராகி, கரியோடு கலந்து, குழல்வாயை அரிக்கும்; மாட்டியபடியே அலமாரியில் பூட்டி வைத்த நல்ல ரைபிள்கள் வாயில் துருவேறிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். குழலின் மேல் படியும் உறைவகையில் இந்த ஈரம் இன்னும் அதிகமாகத் தங்கும். கழற்றிய சைலன்சரைக் காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி உலரவிட்டு, மரையில் மெல்லிய எண்ணெய் தடவினால் போதும்.

சட்டத்தைப் பற்றி நீ அறியாததல்ல. ஜெர்மனியில் 2020 முதல் வேட்டை உரிமம் உள்ளவர் இதை வாங்க எளிதாக்கினார்கள்; அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி இன்றும் பதிவு கட்டாயம்; வேறு சில நாடுகளில் வைத்திருப்பதே குற்றம். வாங்குவதற்கு மட்டுமல்ல, எல்லை கடந்து வேட்டைக்குக் கொண்டுபோவதற்கும் தனித்தனியே அனுமதி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்.

அடுத்த கடிதத்தில் மூன்று விவரங்களை எழுது: குழல்வாயின் வெளிவிட்டம், அங்கிருந்து 15 செ.மீ. பின்னால் குழலின் தடிமன், ரைபிளில் ஏற்கெனவே மரை இருந்தால் அதன் அளவு. அவை கிடைத்ததும், நீ அனுப்பிய பட்டியலிலிருந்து எவை பொருந்தும் என்று பார்த்து எழுதுகிறேன். அதுவரை முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
இளங்கோ